மவுசர் சி96: வருடம் எழுதாத பிஸ்டலின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது

கேள்வி இதுதான்: பழைய பிஸ்டல்களின் ஏலப் பட்டியலைப் பார்த்தால் லூகர் என்ற ஜெர்மன் பிஸ்டலுக்கு வருடம், தொழிற்சாலை எல்லாம் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். மவுசர் சி96 என்று வந்தால் மட்டும் கூம்புச் சுத்தியல், பெரிய வளையம், தட்டைப் பக்கம், சிவப்பு ஒன்பது, போலோ என்று ஆளுக்கொரு பெயர். படத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது, விலை மட்டும் எங்கெங்கோ போகிறது. இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எந்த வித்தியாசத்துக்கு மதிப்பு அதிகம்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூகரை எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். சி96-ஐ இரும்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். காரணம் எளிமையானது. லூகருக்கு ஆரம்பத்திலிருந்தே முதலாளி ஒரு ராணுவம். சுவிட்சர்லாந்து 1900-இல் அதை ஏற்றுக்கொண்டது, ஜெர்மன் கடற்படை 1904-இல், ஜெர்மன் தரைப்படை 1908-இல். ராணுவம் வாங்கினால் பரிசோதனை முத்திரை, வருடம், படைப்பிரிவு எண் என்று உடம்பெல்லாம் குத்திவிடுவார்கள். சி96 அப்படி இல்லை. மவுசர் கம்பெனி அதை ராணுவத்துக்கு விற்கும் எண்ணத்தில்தான் உருவாக்கியது, ஆனால் முதல் இருபது வருடம் பெரிய ராணுவம் எதுவும் அதைத் தன் நிலையான ஆயுதமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் வாங்கிய அதிகாரிகள், வேட்டைக்காரர்கள், பயணிகள், அப்புறம் ஆயிரம் ஐயாயிரம் என்று வாங்கிய சில அரசுகள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். வருடம் குத்தச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை. தொழிற்சாலை தன் போக்கில் ஒரு பாகத்தை மாற்றும், பழைய பாகம் தீரும்வரை போடும், பிறகு புதியது வரும். அதனால்தான் சி96-இன் வகைகள் வருடக் கோட்டில் வெட்டினாற்போல் பிரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க லூகரைப் பற்றிக் கொஞ்சம். அதில் பெரிய மாற்றங்கள் சில தான், ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. 1900 மாடலில் பிடிக்குள் இருந்தது தகட்டு ஸ்பிரிங். 1906 மாடலில் அது சுருள் ஸ்பிரிங் ஆனது. பழைய மாடலில் மேலே இருக்கும் மடிப்பு (முழங்கால் மாதிரி மேல்நோக்கி மடியும் அந்தப் பகுதி) குமிழ்களின் விளிம்பு ஓரளவு வெட்டப்பட்டிருக்கும், புதியதில் தட்டையான முழு வட்டம். 1908-இல் தரைப்படை எடுத்தபோது, பிடியின் பின்னால் அழுத்தும் சேஃப்டி போய்விட்டது, குழல் 100 மில்லிமீட்டர். கடைசித் தோட்டா போனதும் மடிப்பு திறந்தபடி நிற்கும் வசதி ஆரம்ப ராணுவ லூகர்களில் இல்லை, 1913-இல் சேர்த்தார்கள். முன்பே செய்தவற்றிலும் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள், அப்படிப் பின்னால் பொருத்தியதில் வலப்பக்கம் ஒரு சின்ன ஆணித்தலை வெளியே தெரியும். பீரங்கிப் படைக்கு 200 மில்லிமீட்டர் குழலும் 800 மீட்டர் வரை கோடு போட்ட சைட்டும் (குறிபார்க்கும் பாகம்) கொண்ட நீள லூகர். 1930-களில் மவுசரே லூகர் செய்தபோது வருடத்தை மறைக்க 1934-க்கு கே, 1935-க்கு ஜி என்று எழுத்து போட்டார்கள். இதெல்லாம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யக்கூடிய விஷயம். சேகரிப்பவர்களுக்கு லூகர் பிடிப்பதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சி96-க்கு அட்டவணை போதாது, கண் பழக வேண்டும்.

இது பிறந்த இடம் நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப். மவுசர் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபீடர்லே சகோதரர்கள் மூன்று பேர் வடிவமைத்தது, காப்புரிமை பதிவானது பால் மவுசர் பெயரில். முதல் மாதிரியில் 1895 மார்ச் 15 என்று தேதி இருக்கிறது. உள்ளே பிரித்தால் ஆச்சரியமாக இருக்கும். பிடியின் மரச்சில்லைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்குரூவைத் தவிர வேறு ஸ்குரூ கிடையாது, பாகங்கள் ஒன்றை ஒன்று பூட்டி நிற்கும், சுத்தியலும் (விசையை இழுத்ததும் அடித்துச் சுட வைக்கும் பாகம்) அதைச் சார்ந்தவையும் ஒரே தொகுப்பாக வெளியே வரும். தோட்டா 7.63 மில்லிமீட்டர். விசைக்கு முன்னால் உடம்போடு சேர்ந்த மேகசின் (தோட்டா அடங்கும் பெட்டி), பத்துத் தோட்டா கோத்த கிளிப்பை மேலிருந்து அழுத்தி நிரப்ப வேண்டும். மர உறையே பின்பக்கம் மாட்டினால் தோள்கட்டை ஆகிவிடும். 1930-களின் பிற்பகுதி வரை செய்தார்கள், மொத்தம் பத்து லட்சத்தை ஒட்டி வரும். இந்த அடிப்படை கடைசிவரை மாறவேயில்லை. மாறியதெல்லாம் அதன் மேல் இருந்த சில்லறைப் பாகங்கள், அவற்றில்தான் வரலாறு இருக்கிறது.

சுத்தியலிலிருந்து தொடங்குங்கள். எந்தப் படம் வந்தாலும் முதலில் என் கண் போவது அங்கேதான். ஆரம்பகால சி96-இல் சுத்தியலின் தலையில் ஓட்டை இருக்காது. இரண்டு பக்கமும் வட்ட வட்டமாகப் படி வைத்து நடுவில் கூம்பாக உயர்ந்து நிற்கும், கட்டைவிரல் வழுக்காமல் பின்னுக்கு இழுப்பதற்காகச் செய்தது. இதைத்தான் கூம்புச் சுத்தியல் என்கிறார்கள். பார்க்க அழகு, கடைசல் வேலை நுணுக்கமானது, ஆனால் நடைமுறையில் ஒரு குறை. சுத்தியல் இறங்கியிருக்கிறதா, இழுத்து நிறுத்தியிருக்கிறதா என்று குறிபார்க்கும்போது தெரியாது. 1899 வாக்கில் வந்த பெரிய வளையச் சுத்தியல் அந்தக் குறையைத் தீர்த்தது. தலையில் பெரிய வட்டம், நடுவில் ஓட்டை, இறங்கிய நிலையில் பின்பக்க சைட்டை மறைத்துவிடும். சைட் தெரியவில்லை என்றால் பிஸ்டல் சுடத் தயாராக இல்லை என்று ஆளுக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு 1904, 1905 வாக்கில் வளையம் சின்னதானது, அதுவே கடைசிவரை நிலைத்தது. உலகத்தில் இருக்கும் சி96-களில் பெரும்பாலானவை சின்ன வளையம்தான்.

கூம்புச் சுத்தியலுக்குள்ளேயே பல படிகள் உண்டு. மிக ஆரம்பத்தில் வந்தவற்றில் குழலின் பின்பகுதி மேல் 'சிஸ்டம் மவுசர்' என்று பொறித்திருக்கும், அது கிடைத்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். பத்துக்குப் பதில் ஆறு தோட்டா, இருபது தோட்டா பிடிக்கும் மேகசின் கொண்டவையும் கொஞ்சம் செய்தார்கள், இருபது தோட்டா மேகசின் விசைக்காப்பு வளையத்தைத் தாண்டிக் கீழே தொங்கும், அது அரிதிலும் அரிது. துருக்கி அரசு வாங்கிய ஆயிரம் பிஸ்டல்களும் இந்தக் காலத்தவை, அவற்றின் சைட்டில் தூர எண்கள் அங்கே அப்போது புழங்கிய அரபி வடிவ எண்களில் இருக்கும். ஒரே பார்வையில் அடையாளம் தெரிகிற வகை என்றால் இதுதான்.

அடுத்து பக்கவாட்டு. சாதாரண சி96-இன் ஃபிரேமில் (உடற்பகுதியில்) இரண்டு பக்கமும் சதுரம் சதுரமாகக் குடைந்து எடுத்த பள்ளங்கள் இருக்கும். தட்டைப் பக்கம் என்பது அந்தப் பள்ளமே இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும் வகை. இத்தாலியக் கடற்படை 1899-இல் ஐயாயிரம் பிஸ்டல் வாங்கியது, அவை தட்டைப் பக்கம். அதையொட்டிச் சில வருடம் கடைக்குப் போன சரக்கும் அப்படியே வந்தது, பிறகு மறுபடி பள்ளம் திரும்பியது, ஆனால் முன்பைவிட ஆழம் குறைவு. ஆகவே ஆழமான பள்ளமா, பள்ளமே இல்லையா, ஆழமற்ற பள்ளமா என்று பார்த்தாலே முதல் பத்து வருடத்தில் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். என் ரசனையைக் கேட்டால், சி96-களில் ஆக அழகானது தட்டைப் பக்கமும் பெரிய வளையமும் சேர்ந்ததுதான். அந்த வடிவத்தில் எதுவும் மிகை இல்லை.

சேஃப்டியில் நடந்த மாற்றம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே பெரியது. சுத்தியலுக்குப் பக்கத்தில் இடப்புறம் ஒரு நெம்பு, அதுதான் சேஃப்டி. பழைய வகையில் சுத்தியல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் நெம்பைத் தள்ளிவிடலாம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பிருந்து வந்த புதிய வகையில், கட்டைவிரலால் சுத்தியலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால்தான் நெம்பு பூட்டும். அதாவது பூட்டும்போது சுத்தியல் விசைப்பல்லை (சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பல்) விட்டு விலகியே இருக்க வேண்டும், அரைகுறையாகப் பூட்ட வழியில்லை. இதை மாற்றியதில் மவுசருக்குப் பெருமை போலிருக்கிறது, சுத்தியலின் பின்முகத்தில் என், எஸ் என்ற இரண்டு ரோமன் எழுத்துகளைப் பின்னிப் பொறித்துவிட்டார்கள். புதிய சேஃப்டி என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதலெழுத்து. படம் கேட்கும்போது பின்பக்கத்திலிருந்து ஒன்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பக்கவாட்டுப் படத்தில் அந்த எழுத்து தெரியாது. பிறகு 1930 மாடலில் இன்னொரு சேஃப்டி வந்தது, அதில் பூட்டியபடியே சுத்தியலைப் பத்திரமாக இறக்கலாம்.

மற்றபடி தோட்டாக்கூட்டை இழுக்கும் கொக்கி முதலில் நீளம், பிறகு குட்டை. குழலுக்குள் வரிப்பள்ளம் முதலில் நான்கு, பிறகு ஆறு. சந்தேகம் வந்தால் உறுதி செய்ய இவை உதவும், இவற்றுக்காக மட்டும் யாரும் விலை கூட்டித் தரமாட்டார்கள்.

இப்போது சிவப்பு ஒன்பது. எல்லோரும் கேட்பது இதைத்தான், ஏமாறுவதும் இதில்தான். போர் நடுவில் லூகர் உற்பத்தி போதாமல் போக, 1916-இல் ஜெர்மன் ராணுவம் மவுசரிடம் 1,50,000 பிஸ்டல் கேட்டது. ஒரு நிபந்தனை, லூகர் சுடும் அதே 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் தோட்டாவையே இதுவும் சுட வேண்டும். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,37,000 போய்ச் சேர்ந்தன. ஏற்கெனவே 7.63 சி96-களும் படையில் புழங்கியதால் தோட்டா மாறிவிடக் கூடாதென்று பிடியின் மரத்தில் பெரிதாக 9 என்று வெட்டிச் சிவப்பு மை பூசினார்கள். சி96-க்கு உண்மையிலேயே ஒரு ராணுவம் முதலாளியாக வந்தது இந்த ஒரு முறைதான் என்று சொல்லலாம், அதனால்தான் இந்த வகைக்கு மட்டும் லூகர் மாதிரியே எழுத்துச் சாட்சி இருக்கிறது. சீரியல் நம்பர் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும், மேகசின் பகுதியின் முன்முகத்தில் பிரஷ்யக் கழுகு முத்திரை இருக்கும், சைட் 500 மீட்டரோடு முடியும் (கடைச்சரக்கில் 1000 வரை இருக்கும்).

மரப்பிடியை யார் வேண்டுமானாலும் வெட்டிச் சிவப்பு பூசலாம், ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றி மாட்டும் வேலை. ஆகவே பிடியில் உள்ள ஒன்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கழுகைத் தேடுங்கள், நம்பரைப் பாருங்கள், சைட்டைப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சரி. இதில் இன்னொரு சிக்கல், சீனாவிலிருந்து பிற்காலத்தில் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பி வந்தவற்றில் தேய்ந்துபோன 7.63 குழலைக் குடைந்து 9 ஆக்கியவை நிறைய உண்டு. அவை சுடுவது 9 என்பது உண்மை, ஆனால் அவற்றுக்கும் 1916 ஒப்பந்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போருக்கு முன்பே மவுசர் ஏற்றுமதிக்கென்று செய்த வேறொரு 9 மில்லிமீட்டர் வகையும் இருக்கிறது, அதன் தோட்டாக்கூடு 25 மில்லிமீட்டர், லூகர் தோட்டாவுக்கு 19 தான். '9 மில்லிமீட்டர் மவுசர்' என்று விற்பவர் சொன்னால் எந்த ஒன்பது என்று கேட்பதே முதல் வேலை.

இங்கே 1920 பற்றிச் சொல்லியாக வேண்டும். சில லூகர்களிலும் சில சி96-களிலும் 1920 என்று குத்தியிருக்கும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் செய்த வருடம் என்று நினைத்துவிடுவார்கள். போர் முடிந்ததும் ஜெர்மனியில் பொதுமக்கள் கையிலிருந்த ஆயுதங்களைத் திரும்பப் பெற்றார்கள். அரசுக்குச் சொந்தமானது எது என்று பிரித்துக் காட்டத்தான் இந்த எண். லூகரில் 1917, 1920 என்று இரண்டு வருடமும் சேர்ந்தே இருக்கலாம், முதலாவதே பிறந்த வருடம். சி96-இல் முதலாவது இல்லாததால் 1920 மட்டும் தனியாக நின்று ஆளைக் குழப்பும். எழுத்தை நம்பாமல் இரும்பைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

போருக்குப் பின் ஜெர்மனி மேல் சுமத்திய வெர்சாய் ஒப்பந்தம்தான் போலோவுக்குக் காரணம். 100 மில்லிமீட்டருக்குக் குறைவான குழலே செய்யலாம் என்று கட்டுப்பாடு வந்தது, மவுசர் 99 மில்லிமீட்டரில் செய்தது, பிடியும் சிறிதானது. 1920-களில் சோவியத் ரஷ்யா இதை நிறைய வாங்கியதால் போல்ஷ்விக் என்பதைச் சுருக்கி போலோ ஆக்கிவிட்டார்கள். போருக்கு முன்பும் சின்னப் பிடி, குட்டைக் குழல் கொண்டவை கொஞ்சம் வந்தன, அவற்றையும் அதே பெயரால் அழைப்பதால் சுத்தியலின் பின்னால் உள்ள எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

சீனாவுக்குத் தனிப் பத்தி தர வேண்டும், ஏனென்றால் 1920-களில் இந்தப் பிஸ்டலை உயிரோடு வைத்திருந்த சந்தை அதுதான். அங்கே தளபதிகள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்து வைத்திருந்த காலம், வல்லரசுகள் ஆயுதத் தடை போட்டிருந்தன, தோள்கட்டை மாட்டிய இந்தப் பிஸ்டல் குட்டி ரைபிளாக வேலை செய்தது. மவுசர் அனுப்பியது போக ஸ்பெயினிலிருந்தும் வந்து குவிந்தது. ஸ்பெயினின் ஆஸ்திரா 900 தூரத்திலிருந்து பார்த்தால் அசல் சி96 போலவே இருக்கும். கிட்டே போனால் இடப்பக்கத் தகடு தனியாக நகர்ந்து வெளியே வரும், உள் அமைப்பு முழுக்க வேறு. அதைப் போலி என்று ஒதுக்குவது தப்பு. நல்ல வேலைப்பாடு, தனி வடிவமைப்பு, வெளித்தோற்றம் மட்டும் கடன்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஷான்ஷி பிஸ்டல். யென் ஷிஷான் ஆண்ட ஷான்ஷி மாகாணத்தில், தையுவான் ஆயுதச் சாலையில், அமெரிக்கத் தாம்சன் துப்பாக்கியின் நகலைச் செய்துகொண்டிருந்தார்கள், அது சுடுவது .45 தோட்டா. பிஸ்டலும் அதே தோட்டாவைச் சுட்டால் ஒரே சரக்கை வைத்து ஓட்டலாமே என்று சி96-ஐயே .45-க்குப் பெரிதாக்கிவிட்டார்கள். பத்து .45 தோட்டா கொள்ள வேண்டும் என்பதால் மேகசின் விசைக்காப்புக்குக் கீழே இறங்கி நிற்கும். ஒரு பக்கம் பதினேழாம் வகை என்றும் மறுபக்கம் குடியரசின் பதினெட்டாம் ஆண்டு, அதாவது 1929, என்றும் சீன எழுத்தில் பொறித்திருக்கும். மவுசரே நினைத்துப் பார்க்காத அளவுக்கு ஒரு மாகாணத் தொழிற்சாலை அதன் வடிவத்தைக் கொண்டுபோனது. இதிலும் பிற்காலத்து நகல்கள் ஏராளம், அதனால் சாட்சி இல்லாமல் அசல் விலை கேட்பவரிடம் ஜாக்கிரதை.

தானாகத் தொடர்ந்து சுடும் 1930-களின் வகையை, ஷ்னெல்ஃபாயர், இந்தக் கேள்விக்குள் கொண்டுவரவில்லை. அதுவும் முதலில் ஸ்பெயின்காரர்கள் செய்து சீனாவில் விற்றதைப் பார்த்து மவுசர் இறங்கிய சந்தை. பெரும்பாலான நாடுகளில் அது இயந்திரத் துப்பாக்கி என்ற சட்டக் கணக்கில் வரும், சாதாரண சேகரிப்பாளருக்கு எட்டாது.

நம் பக்கத்து வரலாற்றிலும் இந்தப் பிஸ்டலுக்கு இடம் உண்டு. சர்ச்சில் 1898-இல் ஓம்துர்மான் போரில் வாளை விட்டுவிட்டு மவுசரைப் பிடித்ததற்குக் காரணம், அதற்கு இரண்டு வருடம் முன்பு பம்பாய் சாசூன் துறையில் படகிலிருந்து இறங்கும்போது தோள்மூட்டு நழுவியது. அது சின்னக் கதை. பெரிய கதை கல்கத்தாவில் நடந்தது. 1914 ஆகஸ்ட் 26-இல், ரோடா என்ற ஆயுத வியாபாரக் கம்பெனிக்குச் சுங்கத்திலிருந்து வந்த 202 பெட்டிகளில் பத்து கிடங்குக்குப் போய்ச் சேரவில்லை. உள்ளே 50 மவுசர் பிஸ்டல், 46,000 தோட்டா. வங்காளப் புரட்சியாளர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த வருடம் ஒரிசாவின் பாலாசோரில் புரட்சித் தலைவர் பாகா ஜதீன் போலீசை எதிர்த்து நின்றபோது கையில் இருந்தவை மவுசர்கள்தான். புரட்சி இயக்கங்களை விசாரிக்க பிரிட்டிஷ் அரசு அமைத்த ரவுலட் கமிட்டியின் 1918 அறிக்கை இந்தப் பிஸ்டலைப் பற்றிச் சொல்வது சேகரிப்பவர்களுக்கு மிகவும் பயன்படும். அளவு .300 என்கிறது, அதாவது 7.63. பெட்டியையே பிடியில் மாட்டி ரைபிள் போலச் சுடலாம் என்கிறது. ஒவ்வொன்றிலும் நம்பர் இருந்தது, ரோடா கம்பெனி அதைப் பதிந்து வைத்திருந்தது, அதனால் பிறகு எங்கே பிடிபட்டாலும் இது அந்த ஐம்பதில் ஒன்று என்று அடையாளம் காண முடிந்தது. 1914-இல் இறங்கிய சரக்கு என்பதால் இவை சின்ன வளையச் சுத்தியலும் ஆழமற்ற பள்ளமும் கொண்ட கடைச்சரக்காகவே இருந்திருக்க வேண்டும். அதாவது பட்டியலில் ஆகச் சாதாரண வகை. ஆனால் அந்த ஐம்பதில் ஒன்று என்று நம்பர் காட்டி நிரூபிக்க முடிந்த பிஸ்டலுக்கு முன்னால் எந்தக் கூம்புச் சுத்தியலும் நிற்காது என்பது என் கருத்து.

சரி, மதிப்புக்கு வருவோம். வகையின் அரிது ஒரு பங்குதான். பாகங்களில் உள்ள நம்பர்கள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மர உறையின் நம்பரும் சேர்ந்து ஒத்தால் மதிப்பு தாவிவிடும், ஏனென்றால் உறைகள்தான் முதலில் தொலைந்து போயின. நீலப்பூச்சு தேய்ந்திருந்தால் பரவாயில்லை, புதிதாகப் பூசியிருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தேய்ந்த சிவப்பு ஒன்பதை மெருகேற்றிப் பூசும்போது முதலில் மழுங்குவது அந்தக் கழுகுதான். பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள், உருண்டு வழவழப்பாக இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஏலத்தில் ஒரு சி96 பிடித்துப்போனால் ஐந்து படம் கேளுங்கள்: இடப்பக்கம் முழுதாக, சுத்தியல் இறங்கிய நிலையில் பக்கத்திலிருந்து, சுத்தியலின் பின்முகம், மேகசினின் முன்முகம், சைட்டின் மேற்பரப்பு. ஐந்தையும் தெளிவாக எடுத்து அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.